இறந்தவர் பெயர்

மேலதிகாரிக்கு அலுவலகத்தார் வைத்த பெயர் ‘அவசரம்’. வருகிற கோப்பிலெல்லாம் சிவப்பு மையில் அந்த ஒரு வார்த்தையை எழுதுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் பிறப்பு இறப்புப் பிரிவு எழுத்தரின் தலையில்தான் விழும். மூன்று பேர் பார்த்த வேலையை அவள் ஒருத்தி பார்த்தாள். ஆள் போடச் சொல்லிக் கேட்டால், “சமாளிச்சுக்கம்மா” என்பார். அவருக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது.

விடுதியில் படிக்கும் மகளைப் பார்க்க மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான் அனுமதி. மூன்று மாதமாக அதையும் அவசரம் விழுங்கிவிட்டார். “பரவால்லம்மா, பக்கத்து ரூம் அக்காவோட அம்மாகூட உக்காந்துக்கிட்டேன்” என்றாள் மகள், போனில்.

வெள்ளிக்கிழமை, ஜன்னலில் ஒரு பெண் வந்து சான்றிதழை நீட்டினாள்.

“எங்கப்பாவுக்குக் கேட்டேங்க. இதுல வேற யாரோ பேரு இருக்கு.”

இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் எழுத்தரின் பெயர் இருந்தது. போன ஞாயிறு தனியாக உட்கார்ந்து அடித்த நூற்றெண்பது சான்றிதழில் ஒன்று. பதிவு செய்தவர் பெயரென்று கடைசியில் அடிக்க வேண்டியதை, மேல் கட்டத்திலேயே கை அடித்துவிட்டிருந்தது. ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையின் மேல் அவசரத்தின் கையெழுத்து.

மன்னிப்புக் கேட்டு, அதை வாங்கி வைத்துக்கொண்டு, புதிதாக அடித்துக் கொடுத்து அனுப்புவதற்குள் அவசரத்துக்கு விஷயம் எட்டிவிட்டது.

“மானத்த வாங்கிட்டியேம்மா. திங்கக்கெழமைக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும். ஞாயித்துக்கெழம பயிற்சிக்கும் வந்துடு. உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தான் வச்சிருக்கு.”

சுற்றறிக்கையை நீட்டினார். ‘பணிக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை: ஒருநாள் பயிற்சி. வருகை கட்டாயம்.’

“இந்த ஞாயிறு எம் பொண்ணப் பாக்கணும் சார்.”

“அதுக்கு எப்படி நேரம் ஒதுக்குறதுன்னு அங்க சொல்லித் தருவாங்கம்மா.”

பதினாறு வருடமாக எல்லாவற்றையும் மென்று விழுங்கியவள். இது தொண்டையிலேயே நின்றுவிட்டது. இருக்கைக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்தாள்.

‘தவறு என்னுடையதுதான். படிக்காமல் சரிபார்த்தது தங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு என்னால் வர இயலாது. நான் இறந்துவிட்டதற்குத் தாங்கள் கையெழுத்திட்ட சான்றிதழின் நகல் இணைப்பில்.’

தபால் பிரிவில் கொடுத்து, ‘பெறப்பட்டது’ முத்திரையும் வாங்கிக்கொண்டாள். முத்திரை குத்தியவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை, விடுதிப் பார்வையாளர் அறையில் ஒரே பெஞ்சில் தாயும் மகளும்.

“லீவு குடுத்துட்டாங்களாம்மா?”

“கேக்கல.”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பைக்குள் போன் அடித்தது. திரையில் அவசரம். மகள் சட்டென்று பேச்சை நிறுத்தி, எழுந்து சுவரோரமாக ஒதுங்கி, அம்மா வெளியே போக வழிவிட்டாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, பழகிப்போயிருந்தது.

மகள் அப்படி ஒதுங்கி நின்றதற்கு முன்னால், அவசரத்தின் மேல் இத்தனை நாள் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.

“உக்காரு” என்றாள். “நான் எங்கயும் போகல.”