ஒன்றாய்ப் போன முகடுகள்

பௌர்ணமி என்றால் கல்லூரிக்கு விடுமுறை. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நகராது. லிஃப்டும் ஜெனரேட்டரும் ஓடாமல் கட்டடம் அதிராதிருக்கும் நாள் அது ஒன்றுதான் என்று, அருணாதேவி தான் தங்கியிருக்கும் வேங்கிக்காலிலிருந்து நடந்தே கல்லூரி ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

சிலிக்கான் சிப் ஒன்றின்மேல் இரண்டு வட்டுகள், தலைமுடியின் அகலம்கூட இல்லாதவை. நொடிக்குக் கோடிக்கணக்கில் அதிரும், ஆனால் ஆளுக்கொரு வேகத்தில். லேசர் ஒளி ஒன்றின் அதிர்வை மற்றதற்குக் கொண்டுபோய், இரண்டையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று வருடமாக அவை மசியவில்லை. சென்னையிலிருக்கும் கணவன் மணிவேல் இந்த மாதம்வரை கெடு கொடுத்திருந்தான். நடக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவதாக அவளும் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

பதினொரு மணிக்குத் திரையில் ஓடும் வரைகோட்டில் இரண்டு வட்டுகளின் முகடுகளும் நெருங்கி ஒன்றாயின. யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! வாட்ச்மேன் வேணுவை அழைத்து வந்து, வட்டுக்கு ஒரு முகடு என்று விளக்கினாள்.

வேணு உற்றுப் பார்த்தார். "அப்போ ரெண்டுல ஒண்ணு செத்துப்போச்சா மேடம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் கேட்டதில் தப்பே இல்லை. ஒன்று நின்றுபோனாலும் திரையில் இப்படித்தான் தெரியும். இவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? இரண்டையும் இணைக்கும் ஒளியை மட்டும் நிறுத்தினாள். முகடு இரண்டாகப் பிரிந்தது. மறுபடி ஒளியை விட்டாள், சேர்ந்தது. பத்து தடவை செய்து பார்த்தாள்.

"ஒண்ணும் சாவலண்ணா!" என்று சிரித்தாள். கேட்டில் ஹாரன் கேட்டு வேணு போய்விட்டார்.

மணிவேலுக்கு போன் போட்டாள். "என்னங்க, ரெண்டும் சேந்துடுச்சுங்க!"

"சூப்பர். அப்போ வேலை முடிஞ்சுதில்ல? திங்கக்கெழம லெட்டர் குடுத்துட்டு கெளம்பி வா."

"நடந்துட்டா இங்கயே இருக்கலாம்னுதானே பேச்சு?"

"இன்னும் ஜாஸ்தி வட்டு வெக்கறேன்னு இன்னொரு மூணு வருஷம் இழுப்ப. அதுவரைக்கும் தனியா இருப்பியா?"

"இருக்கறேங்க."

அவன் போனை வைத்துவிட்டான். அருணாதேவி மேஜையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். சொன்னதைத் திரும்ப வாங்க மட்டும் மனம் வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆய்வு நோட்டில் நேரத்தைக் குறித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உடன் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடமாகக் காலியாகவே கிடந்த அதில், வேணு என்று எழுதினாள்.