மூன்று தட்டலுக்குப் பதில்

என் இரண்டு காதாலும் கேட்டதை மட்டுமே சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இத்தோடு விழுந்துவிடட்டும். ஆழ்கடல் ஆராய்ச்சிக்காக எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய புதுக் கப்பல், எல்லா வேலையும் முடிந்த பிறகும் இரண்டு வருஷம் தண்ணீரில் இறங்கவில்லை. அதன் அடித்தொட்டிக்குள் இறந்துபோன ஒருவர் இருந்ததுதான் காரணம்.

தொட்டியை மூடும் கடைசித் தகட்டைப் பற்றவைக்கும் முன் வெல்டர் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டிக் காத்திருக்க வேண்டும். உள்ளே யாராவது வேலையாக இருந்தால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பதில் வந்தால் மூடக் கூடாது. தளத்தில் வேறு எந்த விதியை மீறினாலும் இதை மீற மாட்டார்கள். அன்று தட்டிய வெல்டர், பழைய ஆராய்ச்சிக் கப்பல் மூழ்கியபோது அதோடு கடலடிக்குப் போய்விட்ட, கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்கும் வின்ச்காரரின் மனைவி. உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. கொஞ்சம் விட்டு, ஏதோ மறந்துபோனவர் மாதிரி இன்னொன்று. வீட்டுக் கதவையும் அவர் அப்படித்தான் தட்டுவார்.

நெட்டை ஃபோர்மேன் விளக்கோடு உள்ளே ஊர்ந்து, மூலை முடுக்கெல்லாம் தேடி, வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்.

"உள்ள ஒரு ஈ காக்கா இல்லம்மா."

"அப்ப பதில் சொல்றது யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான். நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா பதில் வர்ற தொட்டியை நான் மூட விடமாட்டேன்."

அதன்பின் அவள் மதியச் சாப்பாட்டைத் தொட்டி வாயிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். கூரை ஒழுகுவது, சின்னவனுக்குப் பல் விழுந்தது எல்லாம் சொல்வாள். 'ம்' கொட்டுவதுபோல் உள்ளிருந்து ஒரு தட்டு வரும். கப்பலின் பெயின்ட் உரிந்தது, மறுபடி அடித்தார்கள், மறுபடி உரிந்தது. மேல்தளத்தில் புறாக்கள் குஞ்சு பொரித்தன. ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருநாள் அவர்களுடைய தலைவியிடம் அவள், முதல் பயணம் எங்கே என்று கேட்டாள். பழைய கப்பல் மூழ்கிய இடத்துக்குத்தான், அடியில் கருவி இறக்கித் தேடப்போகிறோம் என்றார் தலைவி.

அவள் தகட்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "ஏங்க, உங்களைத் தேடித்தான் இந்தக் கப்பலே போகுது. நீங்க இங்க உக்காந்திருந்தா அங்க யாரு இருப்பா?"

பிறகு மூன்று தட்டினாள். பதில் இல்லை. விதிப்படி கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். அவள் சாயங்காலம் வரை காத்திருந்தாள். அப்புறம் முகமூடியை இறக்கிக்கொண்டு தகட்டைப் பற்றவைத்தாள். பற்றவைத்த கோடு எங்கும் ஒரே சீராக இருந்தது என்று சோதித்தவர்கள் சொன்னார்கள்.

முதல் பயணத்தில் ஒலிக்கருவி கடலடியைத் தொட்டதும் இரண்டு தட்டும், கொஞ்சம் விட்டு இன்னொன்றும் பதிவாயின. நீரின் உப்பு, குளிர் இவற்றோடு அதையும் குறித்துக்கொண்டார்கள். பதிவைத் தளத்துக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள்; நாங்கள் எல்லோரும் கேட்டோம். இப்போதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் கடலில் அந்த இடத்தில் மூன்று தட்டி, பதில் வந்த பிறகே வேலை தொடங்குகிறார்கள். அவள் அடுத்த கப்பலைக் கட்டும் வேலையில் இருக்கிறாள். ஒவ்வொரு தொட்டியையும் தட்டிவிட்டு, மற்றவர்களைவிட அதிக நேரம் நிற்கிறாள்.

வருஷக்கணக்காக இரும்பை அடித்து அடித்து, எங்கள் தளத்தில் நான் உட்பட ஒருவருக்கும் அந்தக் கப்பலுக்கு முன்பிருந்தே காது கேட்காது.