நல்ல மெஷின்தான்

ஒலிப்பதிவு செய்யும் போஸ் பாபு தன்னிடமிருந்த இரண்டாவது ஹெட்போனை ஏழுமலையின் தலையில் மாட்டிவிட்டு, மூன்றாம் மாடிப் படியில் தன் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பட்டாபியின் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும் தறுவாயில் ஏழுமலை எழுந்து மணியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் தன் வெள்ளைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தமயந்தி மாமியின் வளையல் காதுக்குள்ளேயே குலுங்கியது. அடுப்பில் ஏதோ கொதித்து அடங்குவதுகூடக் கேட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாலிகஞ்ச் கட்டடத்தின் படிகளை ஏறி இறங்கியவன் அவன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் அவன் காதில் விழுகிறது.

படம் எடுப்பவள் மதுவந்தி, தமயந்தி மாமியின் அண்ணன் மகள். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள்; தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சரளம். சினிமாப் படிப்பை முடித்துவிட்டு, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், நண்பர்கள் நாலு பேரையும் கைக்கடக்கமான ஒரு கேமராவையும் நம்பி இறங்கியிருந்தாள். வீடு வீடாக ஏறித் தண்ணீர் ஃபில்டர் விற்கும் இரண்டு எதிரிகளின் கதை, சிரிப்புப் படம். நடிகர்கள் யாரும் வேண்டாம், அசல் எதிரிகளே நடிக்கட்டும் என்று பட்டாபியையும் ஏழுமலையையும் தேடிப் பிடித்தாள். வாங்குகிற வீட்டுக்காரியாக அவளுடைய அத்தையே, சொந்த அடுக்களையில்.

அந்தப் பகை ஊரறிந்தது. பட்டாபி விற்பது நீலப் பெட்டி, ஏழுமலை விற்பது வெள்ளைப் பெட்டி. ஒரு மழைக்காலத்தில் ஏழுமலை மார்வாடிக் குரலில் பட்டாபிக்கு டெலிபோன் செய்து, ஹவுராவில் ஒரு பட்டறைக்கு ஆறு மெஷின் வேண்டும் என்று சொன்னான். பட்டாபி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படகில் ஆற்றைக் கடந்து, முழங்கால் தண்ணீரில் நடந்து, பூட்டிய ஒரு கிடங்கின் முன்னால் போய் நின்றான். அதற்குப் பதிலாக பட்டாபி ஒரு கட்டடத்துக் காவல்காரனிடம், வெள்ளைப் பெட்டி தூக்கி வருபவன் வீடு நோட்டம் பார்க்கிறவன் என்று சொல்லிவைத்தான். காவல்காரன் ஏழுமலையின் சட்டைக் காலரைப் பிடித்தபடி, வருவோர் போவோர் பார்க்க வாசலில் நிறுத்திவைத்தான். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் ஒருமுறை இருவரும் கைகலந்து, இரண்டு பெட்டிகளும் தண்டவாளத்தில் விழுந்ததும் உண்டு. இதையெல்லாம் தனித்தனியே கேட்டபோது மதுவந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழுமலைக்கு நடிக்க ஆசையில்லை. ஆனால் பட்டாபி ஒப்புக்கொண்டான் என்று தெரிந்த பிறகு, அவன் ஒருவன் வாயாலேயே கதை முழுவதும் வெளியே போய்விடக்கூடாது என்று வந்து சேர்ந்தான்.

வங்காளிகள் வீட்டில் ஏழுமலை நன்றாகவே விற்றான். ஹவுராப் பட்டறைக்காரர்களிடம் இன்னும் நன்றாக. தமிழ்க் குடும்பங்களில் மட்டும் அவனுடைய பெட்டி ஏறவே இல்லை. எந்த அடுக்களையை எட்டிப் பார்த்தாலும் நீலம். யாரும் முகத்தில் அடித்த மாதிரி பேசியதில்லை. 'அவர் டூர் போயிருக்கார்', 'துர்கா பூஜா கழியட்டும் பார்க்கலாம்' என்று சிரித்த முகத்தோடுதான் அனுப்பிவைத்தார்கள். அவன் குறையைத் தன்னிடம் தேடினான். சட்டையை மாற்றினான், ஷூவை மாற்றினான், தண்ணீரை 'ஜலம்' என்று சொல்லக்கூடப் பழகிக்கொண்டான். கார்டன் ரீச் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் அவன் அதைச் சொல்லிப் பார்க்கும்போது மனைவி லதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கடைசியில் கோளாறு மெஷினில்தான் என்று முடிவு கட்டினான். மேலதிகாரி ரமேஷ்பாபுவிடம் போய், மட்டமான சரக்கைக் கொடுத்து விற்கச் சொன்னால் எப்படி விற்பது என்று ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்தினான். அந்த வருஷம் அவனுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருவனுக்குப் போனது.

ஹெட்போனில் மதுவந்தியின் குரல் கேட்டது. "பட்டாபி அங்கிள், ஸ்க்ரிப்ட விட்டுடுங்க. நிஜமா என்ன சொல்லி விப்பீங்களோ, அதையே சொல்லுங்க. ஆக்டிங் வேண்டாம்."

"நிஜமாவா?" என்று பட்டாபி சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலை ஏழுமலைக்குத் தெரியும். விற்கத் தொடங்குமுன் அவனும் அப்படித்தான் செருமுவான்.

"மாமி, அந்த வெள்ளைப் பெட்டியைப் பத்தி நான் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். நல்ல மெஷின்தான். என்னோடதைவிட ஒரு படி மேலேன்னே வெச்சுக்கோங்கோ."

ஏழுமலை நிமிர்ந்து உட்கார்ந்தான். உள்ளே குரல் தணிந்தது.

"ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தரம் அதைக் கழட்டி அலம்பணும். யார் வருவா? அவன்தான் வருவான். கார்டன் ரீச்ல கூலி லைன்லேருந்து வரவன். வாசல்ல நின்னுண்டு கழட்ட முடியாது பாருங்கோ. நேரா அடுக்களைக்குள்ள வந்து, ஜலத்துல கைய விட்டுத்தான் ஆகணும். பெருமாளுக்கு நைவேத்யம் பண்ற ஜலம். நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்பறம் உங்க இஷ்டம்."

வளையல் குலுங்கியது. பிறகு தமயந்தி மாமி. "இதையேதானே அப்பவும் சொன்னேள். ஒரு வார்த்தை மாறலை."

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத போஸ் பாபுவும் அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சிரித்து, ஏழுமலையின் தொடையில் தட்டி, "தாருண்" என்றார். பிரமாதம் என்று அர்த்தம்.

ஏழுமலைக்குக் கோபம் உடனே வரவில்லை. வந்தது ஒரு தெளிவு, பல நாள் தேடிய பொருள் தன் சட்டைப்பையிலேயே இருந்ததுபோல. ஒவ்வொரு வீடாக அவன் மனசுக்குள் திறந்துகொண்டே போயிற்று. ரிட்டயர்டு ஆடிட்டர் வீடு. பாட்டு டீச்சர் வீடு. போர்ட் டிரஸ்டில் வேலை பார்த்த கோவிந்தராஜன் வீடு. அந்த மனிதர் இவனைக் கூடத்தில் உட்காரவைத்து அரைமணி நேரம் கிரிக்கெட் பேசியவர். மெஷினைப் பற்றிப் பேச்செடுத்ததும், அடுக்களையில் ஆள் இருக்கிறார்கள் என்று எழுந்துகொண்டார். மெஷின் நல்ல மெஷின்தான். எதிரிக்கே தெரிந்திருக்கிறது. அதைத் திட்டித்தான் அவன் ரமேஷ்பாபுவிடம் அந்த சூப்பர்வைசர் வேலையைத் தொலைத்தான்.

மணி அடிக்க வேண்டிய நேரம் கடந்துபோயிற்று. மதுவந்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அங்கிள், பெல் அடிக்கலையே?"

அவன் ஹெட்போனைக் கழற்றி போஸ் பாபுவிடம் கொடுத்தான். குனிந்து ஷூ லேசை அவிழ்த்தான். கை பழக்கத்தில் தானாகவே அதைச் செய்தது. பிறகு மதுவந்தியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, காட்சிப்படி அவன் நிற்கவேண்டிய அடுக்களை வாசலையும் தாண்டி உள்ளே போனான். சுவரில் நீலப் பெட்டி தொங்கியது. மேடையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதன் குழாயில் பிடித்தான். உதடு பதிய வாய் வைத்துப் பாதி குடித்தான். மீதியைப் பட்டாபியிடம் நீட்டினான்.

"குடி."

கேமரா வைத்திருந்தவன் தயங்கினான். மதுவந்தி நிறுத்தாதே என்று கையைக் காட்டினாள். பட்டாபி டம்ளரையும் பார்த்தான், கேமராவையும் பார்த்தான். பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"நேக்கு அதெல்லாம் கிடையாது, ஏழுமலை. நித்தியம் தெருவுல திங்கறவன் நான். எதைச் சொன்னா விக்குமோ அதைச் சொல்றேன். நீ என்னை மழையில ஹவுராவுக்கு அலைய விடலையா? அது மாதிரிதான் இதுவும்."

"அதுவும் இதுவும் ஒண்ணாய்யா?"

பட்டாபி காலி டம்ளரை வைக்க இடம் தேடினான். மேடைமேல் வைக்கப்போனபோது தமயந்தி மாமி அவசரமாக, "அங்க வேண்டாம், பின்னாடி தேய்க்கற இடத்துல போட்டுடுங்கோ" என்றாள். படத்துக்காகச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா, அவளுக்கே தெரிந்திருக்காது. ஏழுமலையின் கை அதற்குள் பட்டாபியின் சட்டையைப் பிடித்திருந்தது. தள்ளினான். பட்டாபியின் தோள் நீலப் பெட்டியில் மோதியது, குழாய் பிடுங்கிக்கொண்டது, தண்ணீர் கூரைவரை பீய்ச்சியடித்தது. பட்டாபி நிமிர்ந்து வந்து ஏழுமலையின் கன்னத்தில் அறைந்தான். ஏழுமலை அவன் கழுத்தை வளைத்து அழுத்தினான். நனைந்த தரையில் இருவரும் வழுக்கி விழுந்து, விழுந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மதுவந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தாள்.

சில வாரம் கழித்து அவள் ஏழுமலையைக் கூப்பிட்டாள். அந்தக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கிவிடச் சொல்லிப் பட்டாபி நடையாய் நடக்கிறானாம். வாடிக்கையாளர்கள் பார்த்தால் பிழைப்பு போய்விடும் என்கிறானாம்.

"நீங்களும் வேண்டாம்னா கட் பண்ணிடறேன் அங்கிள். அதுதான் படத்துலயே பெஸ்ட் சீன். ஆனாலும்."

"இருக்கட்டும்மா," என்றான் ஏழுமலை. "அந்தாளு சொன்னத ஊரே கேக்கட்டும். ஒரு வார்த்த குறைக்காத."

வீட்டுக்கு வந்து லதாவிடமும் அதையே சொன்னான். பெரிய திரையில் அந்த வார்த்தை கேட்கும்போது அரங்கமே வாயடைத்துப்போகும் என்று அவன் நம்பினான். அந்த மௌனத்தில் பட்டாபி எப்படி நெளிவான் என்று நாள்தோறும் நினைத்துப் பார்த்துக்கொண்டான்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெற்குக் கல்கத்தாவில் ஒரு சின்ன அரங்கில் படம் போட்டார்கள். வங்காளிப் பிள்ளைகள் பாதி, தமிழ்க் குடும்பங்கள் பாதி. ஏழுமலை, லதா, பெண் கவிதா மூவரும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு வரிசை முன்னால் பட்டாபி தனியாக இருந்தான். ஹவுராக் காட்சிக்கு அரங்கு அதிர்ந்தது. காவல்காரன் காலரைப் பிடிக்கும் இடத்தில் கவிதா அப்பாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அப்புறம் அந்த அடுக்களை வந்தது. நல்ல மெஷின்தான் என்றான் திரையில் பட்டாபி. ஏழுமலை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சிரித்தார்கள். தமிழ் வரிசைகள்தான் முதலில் சிரித்தன; கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடி முடிந்ததும் வங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாபி குரலைத் தணித்த விதமும், நிறுத்தி நிறுத்திச் சொன்ன அழகும் அப்படி. மற்ற காட்சிகளுக்கு எப்படிச் சிரித்தார்களோ அப்படியே, கொஞ்சமும் கூடாமல் குறையாமல் சிரித்தார்கள். 'ஒரு வார்த்தை மாறலை' என்று மாமி சொன்னபோது கைதட்டலும் சேர்ந்தது.

கவிதா மட்டும் நிறுத்தியிருந்தாள். அப்பாவின் காதருகில் குனிந்தாள். "கூலி லைன்னா நம்ம வீடாப்பா?"

"படத்தப் பாருடி," என்றாள் லதா, திரையைப் பார்க்காமல்.

ஏழுமலை முன்வரிசையைப் பார்த்தான். குலுங்கும் தலைகளுக்கு நடுவே பட்டாபியின் தலை மட்டும் அசையாமல் குனிந்திருந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. பட்டாபியும் சிரித்துத் தொலைத்திருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும். திரையில் தண்ணீர் பீய்ச்சியடித்தபோது அரங்கில் சிலர் எழுந்து நின்றே சிரித்தார்கள்.

படம் முடிந்து மேடைக்கு அழைத்தார்கள். ஏழுமலை போகவில்லை. பட்டாபி விளக்கு வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டிருந்தான். நடைபாதையில் கூட்டம் கலைந்துகொண்டிருக்க, தமயந்தி மாமி பட்டுப்புடவை சரசரக்க ஏழுமலையைத் தேடிக்கொண்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"என்னமா நடிச்சேள். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்கறது," என்றாள். லதாவைப் பார்த்தும் தலையசைத்தாள். "உங்களைப் பாக்கணும்னுதான் நின்னேன். அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் மோதினதுலேருந்து அந்தப் பெட்டி ஒழுகிண்டே இருக்கு. பட்டாபிக்கு எத்தனை போன் பண்ணியும் எட்டிப் பாக்கலை. நீங்க ஒரு நடை வந்து பாத்துட மாட்டேளா? உங்களுக்குக் கைவந்த வேலைதானே."

அதைக் கேட்க அவளுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏழுமலை அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"கழட்டிக் கீழ கொண்டாந்து வைங்கம்மா," என்றான். "வாசல்ல நின்னுக்கினே பாத்துத் தரேன். உள்ள வர வாணாம்."

அவள் பெரிதாகச் சிரித்தாள். படத்தில் வராத ஒரு வசனத்தை அவன் எடுத்துவிட்டதாக நினைத்து, வேறு யாராவது கேட்டார்களா என்று அக்கம்பக்கம் திரும்பினாள். கவிதா கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். லதா முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். மூவரில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

மாமி கை காட்டி வைத்திருந்த மஞ்சள் டாக்சி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டு, "மாஷிமா, வாங்க" என்று வங்காளத்தில் மாமியை அழைத்தான். பின்னாலிருந்த பஸ் ஹாரனை அழுத்தியது. தமயந்தி மாமி திறந்த கதவின் மேல் ஒரு கையை வைத்தபடி, பாதிச் சிரிப்போடு, மூவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, ஏறாமல் நின்றாள்.