ராமர் பாதமும் ஓஸாவின் காலும்

1
இந்தக் கதை எனக்கு மும்பை கந்திவலியில் பல் பிடுங்கப் போன இடத்தில் கிடைத்தது. பழைய புராணத் தொடர் ஒன்றில் சாமியின் பாதத்தை மட்டும் காட்டும்போதெல்லாம் அது வேறொருவர் பாதம் என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். யாருடையது என்று சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்வேனா, தெரியவில்லை.

2
புராணத் தொடர்களின் பிதாமகர் ஜஸ்வந்த்பாய் ஓஸா, ஞாயிறு காலைகளில் நாட்டையே—

(வேண்டாம். இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. மனிதர் இன்னும் சாகவில்லை.)

மறுபடியும். இயக்குநர் ஓஸாவுக்குச் சர்க்கரை முற்றி வலது கால் அழுகிவிட்டது. எடுக்காவிட்டால் உயிர் போய்விடும், பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் போடமாட்டேன் என்று படுத்திருக்கிறார். மனைவி குமுத்பென் கொண்டுவந்த தேப்லா ரொட்டி பையிலேயே கிடக்கிறது. நேற்றிலிருந்து அந்த அம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

3
முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், அகலிகைக் காட்சி. கல்லை மிதிக்க வேண்டிய ராமர் வேஷக்காரர், தேர்ச்சக்கரத்தில் கால் விரலை நசுக்கிக்கொண்டு கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஓஸா தன் வலது காலுக்கு நீலப் பொடி பூசிக்கொண்டு தானே மிதித்துவிட்டார். விரல் ஆறிய பிறகும் ஆளை மாற்ற முடியவில்லை. ஜனங்கள் ஒரு பாதத்தைப் பார்த்துவிட்டார்கள், நடுவில் வேறு பாதம் வந்தால் தொடர்ச்சி கெட்டுவிடும். தொழில் அப்படி. பட்டாபிஷேகம்வரை பாதம் என்றால் இவர் பாதம்தான்.*

* இவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அந்தப் பாதம் வந்தபோது வீடுவீடாக டிவிக்குக் கற்பூரம் காட்டினார்கள். இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

4
"ஒரு கையெழுத்துதானேங்க? போட்டுடுங்களேன்."

"என் காலா இருந்தா எப்பவோ போட்டிருப்பேன், குமுத்."

"பின்ன யார் காலாம்? நகம் வெட்டினவ நான். பித்தவெடிப்புக்கு எண்ணெய் தேச்சவ நான். ராமருக்குப் பித்தவெடிப்பு வருமா?"

"அத்தனை பேரு கும்பிட்டாங்களே. அத வெட்டிக் குப்பைல போடுன்னு நான் எழுதித் தரணுமா?"

"நீங்கதான் சாமியே இல்லம்பீங்களே!"

"இப்பவும் இல்லதான். அதான் எனக்கும் புரியல."

அப்போது நர்ஸ் உள்ளே வந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில்—

(அடித்துவிட்டேன். இந்த மலிவான வித்தையை ஓஸாவே தன் தொடரில் நாற்பது தடவை செய்திருக்கிறார்.)

5
முதல் முடிவு: கையெழுத்துப் போடுகிறார், பிழைக்கிறார். ஒற்றைக் காலோடு வீட்டில் உட்கார்ந்து உப்பு போதவில்லை என்று சண்டை போடுகிறார்.

இரண்டாவது: போடவில்லை. இறுதி ஊர்வலத்தில் ஜனங்கள் வரிசையாக வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் கற்பூரம் காட்டியது இதற்குத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவதுதான் நல்ல கதை. அதை எழுத ஆரம்பித்ததுமே குமுத்பென் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"எழுதுற அண்ணா, ஒங்க கதை நல்லா வரணும்னு என் புருஷன சாகடிப்பீங்களா? எனக்கு ராமர் பாதம் வேண்டாம். இந்த மனுஷன் வேணும். ஒத்தக் காலோட குடுங்க, போதும்."

எனக்குக் குழப்பமாகவும் வெட்கமாகவும் இருக்கிறது. ஓஸாவைக் கேட்டால் இரண்டாவது முடிவைத்தான் எடுப்பார், இயக்குநர் அல்லவா. எனக்கும் அதே புத்திதான். எங்கள் இருவரையும் நம்பாதீர்கள். குமுத்பென்னும் நம்பவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி, வாசிக்கிற உங்களிடம் வந்து நிற்கிறார். மணி ஒன்பது ஐம்பது.