முத்தரசுவின் பால்பல்

காரைக்குடியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்த முத்தரசு, மகள் கீர்த்தியைப் பல் மருத்துவர் ஜெரினாவிடம் அழைத்துப் போனபோது, பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தார். மனைவி தீபலட்சுமியும் கூட வந்திருந்தாள். கீர்த்திக்குப் பன்னிரண்டு வயது. வலப்பக்கக் கோரைப்பல் விழுந்து புதிதாக முளைத்துவிட்டது. இடப்பக்கம் மட்டும் பால்பல் அசைய மறுத்தது.

ஜெரினா அதற்கு மேலே ஈறை விரலால் நீவிப் பார்த்தார்.

"இந்நேரம் புதுப்பல்லு இங்க புடைப்பாத் தட்டுப்படணும். ஒண்ணுமே இல்லையே."

எக்ஸ்ரே எடுத்தார்கள். புதுப்பல் வரவேண்டிய வழியை விட்டுவிட்டு, அண்ணத்துக்குள் சாய்ந்து, பக்கத்துப் பல்லின் வேரை நோக்கிப் படுத்திருந்தது.

"இப்படியே விட்டா அந்த வேரை அரிச்சிரலாம். பால்பல்லை எடுத்தா இது தானாத் திரும்பி எறங்க நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார் ஜெரினா.

'எடுத்தா' என்ற சொல் காதில் விழுந்ததுமே கீர்த்தி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"இது குடும்பத்துல வர்றதும் உண்டு. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க வம்சத்துல பல்லுக்குக் கொறையே கெடையாது டாக்டர். இவ பக்கமா இருக்கும்" என்றார் முத்தரசு.

தீபலட்சுமி நிமிர்ந்தாள். "எங்க பக்கமா? இருங்க, ஒங்க தங்கச்சியவே கேப்போம்."

நெற்குப்பையில் இருந்த நாத்தனார் அழகிக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்ன மதினி இப்படிக் கேக்குறீக? அண்ணனுக்கே ஒரு பால்பல்லு விழலையே! ஒங்க கல்யாணத்தப்பக்கூட அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாகளே!"

முத்தரசு நாற்காலியில் ஏறி வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. அதே இடப்பக்கம், அதே பல். எக்ஸ்ரேயில் புதுப்பல் உள்ளே மேலே படுத்துக் கிடந்தது.

"நாப்பத்தஞ்சு வயசுல பால்பல்லா!" என்று கீர்த்தி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "எனக்கு எடுத்தா அப்பாவுக்கும் எடுக்கணும்" என்றாள்.

"அப்பாவோட பால்பல்லு வேர் கெட்டியா இருக்கு. உள்ள இருக்கிறது யாரையும் தொந்தரவு பண்ணல. இந்த வயசுல அது தானா எறங்கவும் எறங்காது. அப்பப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கிட்டாப் போதும்."

"இது அநியாயம்" என்று சொல்லியபடியே கீர்த்தி வாயைத் திறந்தாள். ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டது அவள் கையைப் பிடித்திருந்த அப்பாதான்.

அழகியின் புண்ணியத்தில் ஒரே வாரத்தில் விஷயம் கடைவரைக்கும் வந்துவிட்டது. "அண்ணே, ஒங்களுக்கு டீ சொல்லவா, பால் சொல்லவா?" என்று கேட்டான் பக்கத்துக் கடை மெய்யநாதன். முத்தரசு மூன்று நாள் சிரிக்காமல் இருந்து பார்த்தார். முடியவில்லை. பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டார். பெல்ட் வாங்க வருகிறவர்களோடு பிள்ளைகள் வந்தால், "பத்து வயசாயிருச்சா? இங்குட்டுத் திரும்பு, வாயத் தொற" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இப்படி ஐந்து பேரை ஜெரினாவிடம் அனுப்பினார். நாலு பேருக்கு ஒன்றுமில்லை. இளையாத்தங்குடியிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு மட்டும் நிஜமாகவே பல் உள்ளே சாய்ந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கீர்த்தியின் பல் திரும்பத் தொடங்கியிருந்தது. ஒரு வருடத்தில் ஈறைக் கீறிக்கொண்டு வெள்ளை முனை தெரிந்தது. வரிசைக்குக் கொண்டுவரக் கொஞ்ச நாள் கம்பி போட்டால் போதும் என்றார் ஜெரினா. தீபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்தரசு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர், என்னுது ஏதும் கொஞ்சமாச்சும் நகந்திருக்கா?"

ஜெரினா அவருடைய பழைய படத்தையும் அன்று எடுத்த புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இல்ல சார். படுத்த எடத்துலயே படுத்திருக்கு."

"ஞாயித்துக்கெழம இவுகளும் அப்படித்தான் டாக்டர்" என்றாள் தீபலட்சுமி.