ரெண்டே வார்த்தை

பின்னல் பாதி முடிந்திருந்தபோது சிறுமி தலையைத் திருப்பாமலே சொன்னாள். "அக்கா, எங்கம்மா போன் கேட்டா குடுத்துடாதீங்க."

அந்தப் பெண்கள் காப்பகத்தில் எல்லாருக்கும் அவள் இன்ஸ்பெக்டர். வயது எட்டு. தினமும் சாயங்காலம் வாசல் கேட்டின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் சாப்பிட வரமாட்டாள். அவளுடைய அம்மாவுக்குக் கையில் மாவுக்கட்டு, உடைத்தவன் புருஷன். அதனால் இன்ஸ்பெக்டருக்குத் தலை வாரிவிடும் வேலை, கல்லூரியிலிருந்து இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்தவளின் தலையில் விழுந்தது. பயிற்சிக்கு வந்த பெண், பயிற்சிக்கு வந்த பெண் என்று வார்டன் சொல்லிச் சொல்லி, குழந்தைகளுக்கு அவள் பயிற்சியக்கா ஆகிவிட்டாள். படித்த படிப்பெல்லாம் பேன் பார்க்கத்தான் உதவுகிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாலும், உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம்தான். வார்டனிடம் வாயே திறக்காத பெண்கள் தன்னிடம் பேசுகிறார்களே!

"ஏன்டி, நீ கேம் ஆடணுமா?"

"குடுக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பயிற்சியக்கா சிரித்துக்கொண்டே அவள் உச்சந்தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

அங்கே தங்க வருகிறவர்களின் போன்கள் எல்லாம் வார்டனின் அலமாரியில் இருக்கும். முதல் மாதம் யாரும் வெளியே பேசக்கூடாது, இடம் எது என்று மூச்சுவிடக் கூடாது. வந்த முதல் நாளே வார்டன் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த அம்மாவுக்கு மனசே கிடையாதா என்றுதான் பயிற்சியக்காவுக்குத் தோன்றியது.

மறுநாள் துணி துவைக்கும் இடத்தில், ஒற்றைக் கையால் மகளின் கவுனை அலசிக்கொண்டே அம்மாக்காரி கேட்டாள். "எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். ரெண்டே வார்த்தை பேசிட்டுத் தந்துடறேன்மா."

சத்தியம் நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் பெற்ற தாயிடம் பேசாதே என்று ஒருத்தியிடம் எந்த வாயால் சொல்வது? சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தன் போனைக் கொடுத்துவிட்டு, நாகரிகமாகத் தள்ளிப்போய் நின்றாள். அன்று முழுக்க அவளுக்கு மனசு நிறைந்து கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டில் ஒருவன் வந்து நின்றான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பொம்மை. அம்மாக்காரி முன்பே பையைக் கட்டி வைத்திருந்தாள். வார்டன் கெஞ்சினார், திட்டினார், குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டார். நாளைக்குத்தான் ஆள் வரமுடியுமாம். தானாகப் போகிறேன் என்பவளைக் கட்டியா போட முடியும்?

"இன்னும் பத்தொம்பது பொம்பளைங்க இங்க ஒளிஞ்சிட்டிருக்காங்க. அட்ரஸ் எப்படி வெளிய போச்சு?" என்று வார்டன் கேட்டபோது பயிற்சியக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் அம்மாக்காரியை மடக்கினாள். "உங்கம்மாகிட்ட பேசணும்னுதானே கேட்டீங்க?"

அம்மாக்காரி முகத்தை நிமிர்த்தவில்லை. "எங்கம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு."

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இவளுக்குப் போய் இரக்கப்பட்டோமே. இரண்டு நாளாகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு திரிந்ததை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

அப்போது அவள் கையை யாரோ பற்றினார்கள். இன்ஸ்பெக்டர். அவள் பின்னால் ஒண்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் போகலைன்னு சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன்."

சொல்லத்தான் போனாள். சண்டையே வந்தாலும் சரி, நாளைக்கு ஆள் வரும்வரை பிள்ளையை விடக்கூடாது என்று அவளோடு கேட் வரை நடந்தாள்.

அவர்களைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கதானா அந்தப் பயிற்சியக்கா? அன்னிக்கு நீங்க போன் குடுக்கலைன்னா எம் பொண்டாட்டி புள்ளைய நான் எங்கன்னு போய்த் தேடியிருப்பேன்? உங்கள மறக்கவே மாட்டேங்க."

சிறுமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அழவில்லை. முதலில் ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. இரண்டையும் கவுனில் துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கேட்டைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.