அடுப்புக்கு மேல் தொங்கிய இறைச்சி

புலி செத்துக் கிடந்ததைப் பார்த்துச் சொன்னவரே ஆண்டியப்பன்தான். மேல் டிவிசனில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அவர் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். விடியற்காலையில் அங்கே போனவர், யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு மாட்டிச் செத்துக் கிடந்த, தோட்டத்தில் எல்லாரும் புலி என்றே சொல்லும் சிறுத்தையைக் கண்டு, இறங்கி ஓடிவந்து தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னார். கண்டாக்கையா தோட்ட மேனேஜரான தொரைக்குச் சொல்ல, தொரை பொலிசுக்குச் சொல்ல, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைவதற்குள் ஜீப் வந்துவிட்டது. சிறுத்தையின் முன்னங்கால்களை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தொடைச் சதையும் அறுபட்டிருந்தது.

ஜீப்பில் வந்த அதிகாரிகள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். ஆண்டியப்பன் வீட்டுச் சமையல் காம்பராவில் அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் உப்புக்கண்டம் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்துச் சுருங்கிய இறைச்சித் துண்டுகள். அது என்ன இறைச்சி என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஆண்டியப்பன் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய மகள் தனுஷிகா கண்டியில் ஒரு ஆய்வுகூடத்தில் டெக்னீசியனாக இருந்தாள். இரத்தத்திலும் திசுக்களிலும் இருந்து டிஎன்ஏ பிரித்தெடுப்பது அவளுடைய அன்றாட வேலை. அம்மா காளியாயி போனில் அழுத அழுகையில் பாதி விளங்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி ஹட்டனுக்கு வந்தாள். அப்பாவை வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைத்திருந்தார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் முகத்தில் தாடி முளைத்திருந்தது.

"புலி இல்ல பாப்பா. மாரியாத்தா மேல சத்தியமா புலி இல்ல" என்றார்.

"அப்ப என்ன எறைச்சி அது?"

அவர் சுவரைப் பார்த்தார். "அத விடு. அம்மாவப் பாத்துக்க."

வழக்கை எடுத்திருந்த சட்டத்தரணி லெட்சுமணன் கடைவீதிக்காரர். அங்கே தன் அப்பாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியில்தான் ஆபீஸ் வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சுருக்காக முடித்துவிடப் பார்ப்பவர்.

"தங்கச்சி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஏதோ காட்டெறைச்சி, யாரோ குடுத்தாங்க, தெரியாம வாங்கிட்டேன்னு அப்பா ஒத்துக்கிட்டா வெளிய கொண்டாந்துரலாம். ஒங்க கண்டாக்கும் அதத்தான் சொல்றாரு. தோட்டத்துப் பேரும் கெடாது."

"செய்யாதத ஏன் சேர் ஒத்துக்கணும்?"

"வழக்கு இழுபடும்."

"இழுபடட்டும். அந்த எறைச்சிய டிஎன்ஏ பாக்க அனுப்பச் சொல்லி கோர்ட்ல கேளுங்க."

லெட்சுமணன் சிரித்தார். "உப்புல ஊறி, பொகையில காஞ்சு கருவாடா போன எறைச்சி. அதுல என்ன மிஞ்சியிருக்கும்?"

தனுஷிகா அவருடைய மேசையில் கிடந்த நூற்கண்டை எடுத்துக் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள். "டிஎன்ஏ இந்த மாதிரி ஒரு நீள நூல் சேர். அது முழுக்க நாலே நாலு எழுத்து மாறி மாறி வரும். உப்பும் சூடும் நூல துண்டு துண்டா அறுத்துப் போடும். ஆனா துண்டுல இருக்கிற எழுத்து அப்படியே இருக்கும். செல்லுக்குள்ள மைட்டோகொண்ட்ரியான்னு ஒன்னு இருக்கு. அதோட டிஎன்ஏ ஒரே செல்லுல நூத்துக்கணக்குல இருக்கும், அதனால அறுபட்டாலும் ஏதாவது தப்பிக்கும். தப்பிச்ச துண்ட பிசிஆர் மெசின் ஒன்ன ரெண்டாக்கி, ரெண்ட நாலாக்கி, கோடிக்கணக்குல பெருக்கிக் குடுத்துரும். பெறகு எழுத்த வாசிச்சா எந்த மிருகம்னு தெரிஞ்சிரும்."

"பன்னின்னு வந்தா?"

"எதுவோ அதுவா வரட்டும். புலின்னு மட்டும் வராது."

சொல்லிவிட்டாளே தவிர, படியிறங்கும்போது ஒரு கேள்வி அவளை விடவில்லை. அப்பா ஏன் என்ன இறைச்சியென்று சொல்ல மறுக்கிறார்?

மறுநாள் காலையில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். காளியாயியின் கை நின்றுபோனது.

"சோதனையெல்லாம் வேணாம்டி. வக்கீலு சொல்றபடி கேட்டுட்டு வா."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம்."

தனுஷிகா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேவிட்டாள். "அம்மா, அப்பா அந்தப் புலிய அறுத்தாரா?"

"அடி செருப்பால!" காளியாயி ஈரத்துணியை ஓங்கிவிட்டாள். "ஒங்கப்பன் புலிய அறுக்கிற ஆளா? அந்தப் புலி செத்துக் கெடந்தத சொல்றப்ப கண்ணு கலங்குன மனுசன்டி அது!" பிறகு பீலியைச் சுற்றிப் பார்த்தாள். அடுத்த லயத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாடு."

"என்னது?"

"மாட்டெறைச்சி. தலவாக்கலைக்குப் போறப்ப வாங்கியாந்து நான்தான் உப்புப் போட்டுக் கோத்தேன். சின்னதுல தின்ன ருசி ஒங்கப்பனுக்கு, விட முடியல. கோயில் தலைவரா இருந்துக்கிட்டு இதுன்னு வெளிய தெரிஞ்சா…"

மீதியை அவள் சொல்லத் தேவையில்லை. அந்த டிவிசனில் மாரியம்மன் கோயில் தலைவர் பதவி காலங்காலமாகப் அந்தக் காலத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய கங்காணி வழி வந்த சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. ஆண்டியப்பன் அந்த வழி இல்லை. அவருடைய ஆட்களைக் கோயில் வாசலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவைத்திருந்த காலமும் உண்டு. இளசுகள் ஒன்றுசேர்ந்து கைதூக்கி அவரைத் தலைவராக்கியபோது, முன்பு தலைவராக இருந்த மூக்கன் கூட்டத்தை விட்டு எழுந்து போனார். இப்போது மாடு என்று வெளியே வந்தால் அந்தக் குடும்பத்தார் மாட்டைப் பற்றியா பேசுவார்கள்? சாதியை இழுப்பார்கள்.

தனுஷிகாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. துணி வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஹட்டனுக்குப் போய் மறுபடியும் கம்பி வலை முன்னால் நின்றாள்.

"அம்மா சொல்லிருச்சு" என்றாள்.

ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "நான் உள்ளயே இருந்துட்டுப் போறேன் பாப்பா."

"புலியக் கொன்னவன்னு சொன்னா தாங்கிக்குவீங்க. மாடு தின்னவன்னு சொன்னா தாங்கமாட்டீங்க. அப்படித்தானே?"

"ஒனக்குத் தெரியாது. அந்த வாசல்ல எங்கப்பன் நின்ன நெலைய நீ பாக்கல."

"பாக்கல. ஆனா நீங்க இப்ப நிக்கிற நெலையப் பாக்குறேன். செய்யாத குத்தத்துக்கு உள்ள கெடக்குறீங்க, அதுவும் அவங்களுக்குப் பயந்துக்கிட்டு. நம்ம சட்டில என்ன வேகுதுன்னு அவங்ககிட்ட எதுக்குப்பா உத்தரவு கேக்கணும்?"

அவர் கம்பி வலையைப் பிடித்தபடி குனிந்துகொண்டார். காவலர் நேரம் முடிந்தது என்று சைகை காட்டினார். அப்போதுதான் ஆண்டியப்பன் நிமிர்ந்தார்.

"சோதிக்கச் சொல்லு" என்றார். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லட்டும்."

நீதவான் சோதனைக்கு உத்தரவிட்டார். இறைச்சியும், செத்த சிறுத்தையின் திசுவும் முத்திரை வைத்த பொட்டலங்களில் போகவேண்டியிருந்தது தனுஷிகா வேலை செய்யும் கூடத்துக்கேதான். அந்தச் செய்தி தெரிந்ததும், பொட்டலம் வந்து சேருமுன்பே அவள் கண்டிக்குப் போய்த் தலைமை விஞ்ஞானி ஊர்மிளாவின் மேசையில் தன் நுழைவு அட்டையை வைத்தாள். ஊர்மிளா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர்.

"மிஸ், இது முடியிற வரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்."

"நானே கேக்க இருந்தனான்" என்றார் ஊர்மிளா. "நீர் வாசலுக்கயும் வரக் கூடாது. என்ன வந்தாலும் அதைத்தான் எழுதுவன். உமக்காண்டி ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்."

"மாத்த வேணாம் மிஸ். அதுக்காகத்தான் அட்டையக் குடுக்குறேன்."

முதல் முயற்சி தோற்றுப் போனது. கூடம் நீதிமன்றத்துக்கு அனுப்பிய குறிப்பை லெட்சுமணன் படித்துக் காட்டினார்: நீளமான துண்டைப் பெருக்கிப் பார்த்ததில் இறைச்சியிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை, குறுகிய துண்டுகளை வைத்து மறுபடி முயல அனுமதி வேண்டும். எதிர்த்தரப்பு உடனே எழுந்து, மாதிரி கெட்டுப்போய்விட்டது, இனி அதிகாரிகள் கண்ணால் கண்டதே போதும் என்றது. தனுஷிகா லெட்சுமணனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கெடல சேர். அறுந்திருக்கு, அவ்வளவுதான். சின்னத் துண்டு கட்டாயம் கெடைக்கும். விட்டுறாதீங்க."

அதுவரை சுருக்காக முடிக்கப் பார்த்த லெட்சுமணனுக்கும் அன்றைக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்று, இது ஒரு மனிதனின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம், இன்னொரு முறை பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். நீதவான் அனுமதி கொடுத்தார்.

ஒரு மத்தியானம் ஆய்வுகூடத்தில் உடன் வேலை செய்யும் நிலக்ஷி போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஜெல் ஓட்டிப் படம் எடுத்தாச்சு. கோடு பளிச்சுன்னு விழுந்திருக்கு. போட்டோ அனுப்பவா?"

தனுஷிகா உடனே தடுத்தாள். "அனுப்பாத. நான் பாத்தேன்னு ஒருத்தன் சொல்றதுக்கு எடம் குடுக்கமாட்டேன். ஒனக்கும் வில்லங்கம். இந்தப் பேச்ச இதோட விடு" என்று போனை வைத்துவிட்டாள்.

வழக்கு நாளன்று தோட்டத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. மூக்கனும் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கூண்டில் ஏறிய ஊர்மிளா நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். டிஎன்ஏ துண்டுகளை நீளத்துக்கேற்பக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஒரே ஜெல்லில் பக்கம் பக்கமாகச் சிறுத்தை, மாடு, பன்றி, வழக்கில் உள்ள இறைச்சி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். டிஎன்ஏ சேர்க்காமல் வெறும் நீரை மட்டும் வைத்து ஓட்டிய தடத்தில் எதுவும் தெரியவில்லை. அதனால் வெளியிலிருந்து கலப்படம் நேரவில்லை என்பது உறுதியானது. பிறகு துண்டின் எழுத்துகளை வரிசையாக வாசித்து ஒப்பிட்டார்கள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "சந்தேகநபரின் மகள் உங்கள் கூடத்தில் வேலை செய்கிறார் அல்லவா?"

"செய்கிறார். மாதிரி வருவதற்கு முன்பே நுழைவு அட்டையைத் தந்துவிட்டுப் போய்விட்டார். மாதிரிகளுக்குப் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். இரண்டு பேர் தனித்தனியாகச் செய்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்தது. இந்த இறைச்சியில் சிறுத்தை இல்லை. காட்டு மிருகம் எதுவும் இல்லை. இது மாடு."

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. மூக்கன் திரும்பிப் பார்த்தார். ஆண்டியப்பன் தலையைக் குனியவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அன்றைக்கே விட்டுவிட்டார்கள். சுருக்கு வைத்தவனைத் தேடச் சொல்லி உத்தரவு போட்டார் நீதவான். அவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

லயத்துக்கு வந்தபோது வரவேற்க அதிகம் பேர் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரி மட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து ஆண்டியப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் என்று ஒரு ஆள் வந்து சொன்னான்.

கூட்டத்தில் மூக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆண்டியப்பன், நாங்க ஒன்னும் ஒன்ன ஒதுக்கல. தேரு நெருங்குது. நூத்தியெட்டு தேங்கா ஒடச்சு, தெரியாம செஞ்சிட்டேன்னு ஆத்தா முன்னால விழுந்து கும்புட்டுரு. முடிஞ்சிரும்."

"தெரிஞ்சுதான் தின்னேன்" என்றார் ஆண்டியப்பன்.

மூக்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சு வாங்கி, தெரிஞ்சு கோத்து, ருசிச்சுத் தின்னேன். திருடல. யார் வீட்டுலயும் போய்ப் பிச்ச கேக்கல. கோயிலுக்கு வாறப்ப குளிச்சு, வெரதம் இருந்துதான் வந்தேன். நான் எதுக்கு விழணும்?"

"அப்ப தலைவரா இருக்க முடியாது."

"இருக்க வேணாம். எடுத்துக்குங்க."

வாசலில் நின்ற காளியாயி பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். "இத்தன நாளும் இந்த மனுசன் வாயத் தெறக்காம செயில்ல கெடந்துச்சே, யாருக்குப் பயந்து? ஒங்களுக்குப் பயந்து! இனிமே இல்ல. கேட்டுக்குங்க, இனிமே இல்ல!"

தனுஷிகா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இளைஞர்கள் சிலரும் எழுந்து வந்தார்கள். எல்லாரும் வரவில்லை.

தேர் நாளன்று மூக்கன்தான் மறுபடியும் தலைவராகப் பரிவட்டம் கட்டியிருந்தார். தனுஷிகா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தேர் வடத்தை எடுக்கும் நேரத்தில் ஆண்டியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், எல்லாருக்கும் முதலாவதாக வடத்தைப் பிடித்தார்.

"ஆண்டியப்பன், நீ பின்னால போ" என்றது ஒரு குரல்.

"ஆத்தா சொல்லட்டும், போறேன்" என்றார் அவர்.

நாலைந்து வீட்டார் வடத்தை விட்டுவிட்டு ஒதுங்கிப் போனார்கள். அவர்கள் விட்ட இடத்தில் தனுஷிகா போய்ப் பிடித்தாள். பக்கத்துக் காம்பராக்காரி சேலையைச் சொருகிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து பிடித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ. மேளம் உயர்ந்தது. மழையில் சேறாகிக் கிடந்த ரோட்டில் சக்கரம் முதலில் அசையவேயில்லை. "இழுங்க!" என்று ஆண்டியப்பன் கத்தினார். கால்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு எல்லாரும் இழுத்தார்கள். தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது.